நான்காவது சரி

குருசாமி இறந்துவிட்டார். சென்ற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி வாசலில் சைக்கிளை எடுத்தவர், அதைத் திரும்பவும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது அறுபத்திரண்டு, என்னைவிட நான்கு வயது இளையவர்.

செய்தி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தீப்பெட்டி ஆபீசில் காலையில் தீக்குச்சி மருந்து கலக்கத் தொடங்குமுன் நான்கு பேர் வாய்விட்டுச் "சரி" சொல்ல வேண்டும். கிட்டங்கியிலிருந்து சரக்கு எடுத்துக் கொடுப்பவர் ஒரு சரி. மருந்து கலக்கும் மாடசாமி ஒரு சரி. கலவை அறையைக் கூட்டிக் கழுவும் பேச்சியம்மாள் ஒரு சரி. கடைசியாக, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்று குருசாமி சொல்வது நான்காவது சரி. அது வரும்வரை யாரும் எதையும் எதோடும் கலக்கக்கூடாது. அன்றைக்கு மூன்று சரி வந்தது, நான்காவது வரவில்லை. மணி ஒன்பதாயிற்று. பதினைந்து வருஷத்தில் அவர் பிந்தி வந்த நாள் கிடையாது. மாடசாமி தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்போதுதான் என் மேசையில் போன் அடித்தது.

கலவை அறை வாசலுக்குப் போய் நான்தான் சொன்னேன். யாரும் அழவில்லை. மாடசாமி மரக்கரண்டியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டான். பேச்சியம்மாள் மட்டும், "அப்ப இன்னைக்கு வேண்டாம்" என்றார். அன்று மருந்து கலக்கவில்லை.

இந்தச் சங்க மலரைப் படிக்கும் நம் தொழில்காரர்களில் பாதிப் பேருக்கு அவரை ராக்கெட் குருசாமியாகத் தெரியும். மீதிப் பேருக்குப் பயந்தாங்கொள்ளி குருசாமியாகத் தெரியும். இரண்டும் ஒரே ஆள்தான், அதுவும் ஒரே காரணத்தால்தான் என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

அவர் என்னிடம் வேலை கேட்டு வந்தது தொண்ணூற்று நான்கில். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்துக்காரர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ராக்கெட் செய்கிற இடத்தில், எரிபொருள் கலக்கும் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் டெக்னீசியனாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். நானோ சைக்கிள் கேரியரில் தீப்பெட்டிப் பண்டலைக் கட்டிக்கொண்டு கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம் என்று கடை கடையாக ஏறி இறங்கி ஆளானவன். படித்த ஆளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். "ராக்கெட்டு விட்ட ஆளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல என்ன வே வேலை?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. அது பெரிய தீக்குச்சி. என்ன, பத்துனா ஊதி அணைக்க முடியாது."

சம்பளம் ஆயிரத்தைந்நூறு கேட்டார். ஆயிரம் என்றேன். பேரம் பேசுவார் என்று பார்த்தால், உடனே ஒத்துக்கொண்டு ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். கலவை அறையில் யார் 'வேண்டாம்' என்று சொன்னாலும் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட வேண்டும். கூட்டுகிறவர் சொன்னாலும் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, கூலியைப் பிடிக்கக்கூடாது. உள்ளதைச் சொல்கிறேன், மாதம் ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்ற சந்தோஷத்தில் நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. சரி சரி என்று தலையாட்டினேன்.

வந்த முதல் மாதமே என் ஆபீசைத் தலைகீழாக்கினார். ஆணி அடித்த செருப்பு உள்ளே வரக்கூடாது. நைலான் சேலை, பாலியெஸ்டர் சட்டை கூடாது, பருத்திதான். கலவை அறையைச் சுற்றி ஆளுயர மண்மேடு வேண்டும், வெடித்தால் பக்கத்துக் கொட்டகைக்குப் போகாமல் அது தாங்கும் என்றார். அந்தக் கொட்டகையில் அறுபது பெண்கள் உட்கார்ந்து மரச்சட்டத்தில் குச்சி அடுக்குகிறார்கள். கலவை அறைக்கும் அவர்களுக்கும் இடையே முப்பது அடி தூரம். அத்தனை வருஷம் அந்த முப்பது அடியை நான் நிழலுக்கு நடக்கும் தூரமாகத்தான் நினைத்திருந்தேன். அவர் அதை அளந்து சொன்ன நாளிலிருந்து அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும். மேட்டைக் கரிசல் மண்ணில் போட்டோம். மழையில் கரைந்து உட்கார்ந்தது, வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. கடைசியில் மேற்கேயிருந்து டிராக்டரில் செம்மண் அடித்தேன். அந்தச் செலவுக்காக அவரை நான் திட்டிய திட்டு இன்னும் அந்த மண்ணுக்குள் இருக்கும்.

கலவை அறை நிலைப்படியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு பதித்தார். அதிலிருந்து ஒரு கம்பி தரைக்குள் போகும். உள்ளே போகிறவர்கள் அதைக் கையால் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும், இல்லாவிட்டால் விரல் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும் என்றார். வாசலில் தினமும் தொட்டுவிட்டுப் போகும் ஒரு பொருள் இருந்தால் நம் பெண்கள் அதை என்ன செய்வார்கள்? அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பேச்சியம்மாள் அதற்கு வழிய வழியச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். மறுநாள் காலை குருசாமி அதைப் பார்த்துவிட்டு நிலைகுலைந்து போனார். சந்தனத்துக்கு மேல் தொட்டால் கரண்டு இறங்காது. அன்று காலையில் அதைத் தொட்டு உள்ளே போய்விட்டவர்கள் மூன்று பேர்.

கத்துவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தவில்லை. பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, "நீ சாமிக்குக் கண்ணக் கட்டிட்டியேம்மா" என்றார். பிறகு அரை மணி நேரம் அந்தக் கம்பி எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்ப்பது பேச்சியம்மாளின் வேலையாகிவிட்டது. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. குத்துவிளக்குப் போலப் பளபளவென்று இருக்கும்.

அவர் ஏன் அந்த வேலையை விட்டார் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். என்னிடம் வருவதற்கு முந்தின வருஷம், அவர்கள் பல வருஷம் பாடுபட்டுச் செய்த ராக்கெட் மேலே கிளம்பிச் சில நிமிஷங்களில் கடலில் விழுந்தது. இவர்கள் பிரிவு கலந்த மருந்து சுத்தமாக எரிந்து தன் வேலையை முடித்திருந்தது. கோளாறு வேறு எங்கோ. அந்தத் தகவல் வந்ததும் இவர்கள் பிரிவில் எல்லாரும் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்களாம்.

"நம்ம பகுதி இல்லன்னு தெரிஞ்சதும் சிரிச்சுட்டோம் அண்ணாச்சி. ராக்கெட்டு கடல்ல கெடக்கு, நாங்க சிரிக்கோம். நானும் சிரிச்சேன்."

அதற்குப் பிறகு கலவைக் கட்டடத்துக்குள் நுழையும்போதெல்லாம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கேயும் இருக்க முடியவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "அப்படிப் பயந்த ஆளு இங்கன வந்து திரும்பவும் மருந்துக்குள்ளயே நிக்கீரே வே?" என்று கேட்டேன். பயம்தான் தனக்குத் தெரிந்த ஒரே தொழில் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து எழுதப்போவது என் தப்பு. மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது அஞ்சலியாகாது.

தொண்ணூற்று எட்டு பங்குனி மாதம். வடக்கே போக வேண்டிய பெரிய ஆர்டர், வாசலில் லாரி நிற்கிறது, இன்னும் ஒரு தொட்டி மருந்து கலந்தால் முடிந்துவிடும். நம் ஊர்ப் பங்குனி உங்களுக்குத் தெரியும். காற்றில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, தலை சீவினால் சீப்பு முடியை இழுக்கும். மழை இல்லாததால்தான் வெள்ளாமை கெட்டது, அதே மழை இல்லாததால்தான் குச்சி நன்றாகக் காய்ந்து இந்தத் தொழில் பிழைத்தது. அன்று காலை மூன்று சரி வந்த பிறகு குருசாமி வாசலில் நின்று, "வேண்டாம்" என்றார்.

நான் ஏன் என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று ஒத்துக்கொண்டவன்தான் கேட்டேன். காற்று சரியில்லை, நாளைக்கு அதிகாலையில் பனி ஈரத்தில் கலக்கலாம் என்றார். முதலாளி யார், நானா நீரா என்று கேட்டுவிட்டேன். அறுபது பெண்கள் காதில் விழ.

அவர் உள்ளே திரும்பி, "ஏலே மாடசாமி, நீ வெளிய போ" என்றார். பேச்சியம்மாளையும் வெளியே அனுப்பினார். குச்சி அடுக்கும் பெண்கள் அத்தனை பேரையும் எழுப்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். தகட்டைத் தொட்டார். தனியாக உள்ளே போய்த் தாமே மருந்தைக் கலக்கினார். நான் மண்மேட்டில் நடைக்கு விட்ட இடைவெளியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கை நடுங்கியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு கலக்கினார். இருபது நிமிஷம் இருக்கும். போதும், வெளியே வாரும் என்று சொல்ல என் வீம்பு விடவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. லாரி போயிற்று. சாயந்தரம் அவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்து, பார்த்தீரா, ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

"ஒண்ணும் நடக்கலைங்கதுதான் அண்ணாச்சி பயம். இனிமே நீங்க நிறுத்த மாட்டிய."

அவர் சொன்னபடியே ஆயிற்று. அதற்குப் பிறகு நான்கைந்து தடவை அவர் வேண்டாம் என்றபோது நான் வேண்டும் என்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தாமே உள்ளே போனார். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தைரியம் கூடிக்கொண்டே போயிற்று.

இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரியில் அமெரிக்காவின் விண்வெளி ஓடம் ஒன்று பூமிக்கு இறங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது வானத்திலேயே சிதறியது. ஏழு பேர். அதில் ஒரு பெண் நம் நாட்டில் பிறந்தவர். நீல வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று இரண்டாகி, மூன்றாகிப் பிரிந்து போவதைத் திரும்பத் திரும்ப டிவியில் காட்டினார்கள். நம் ஊர் டீக்கடைகளில்கூடக் கூட்டம் நின்று பார்த்தது. குருசாமி பார்க்கவில்லை. டிவி இருந்த பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு பல வாரம் அதைப் பற்றி வந்த செய்திகளை எல்லாம் கத்தரித்து வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் என் அறைக்கு வந்து அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பினார். ஓடம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியின் மேல்பூச்சிலிருந்து பஞ்சு போன்ற ஒரு துண்டு பெயர்ந்து இறக்கையில் பட்டதாம். தெர்மோகோல் மாதிரி எடையில்லாத சாமான். அதுதான் ஓட்டை போட்டிருக்கிறது. அவர் விரலை வைத்துக் காட்டிய வரி வேறு. இந்தத் துண்டு முன்னாலும் பல தடவை பெயர்ந்து விழுந்திருக்கிறது, அப்போதெல்லாம் ஓடம் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று அதில் போட்டிருந்தது.

"அவியளும் நம்மள மாதிரிதான் அண்ணாச்சி. ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னே வந்திருக்காவ."

பேப்பர் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த இருபது நிமிஷத்தையும், நடுங்கிய கையைப் பிடித்துக்கொண்ட கையையும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அன்றுதான் உண்மையாகவே பயம் வந்தது. ஐந்து வருஷம் பிந்தி வந்த பயம். மறுநாள் பெயிண்டரைக் கூப்பிட்டுக் கலவை அறைச் சுவரில் எழுதச் சொன்னேன்: 'யார் வேண்டாம் என்றாலும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே.' அதற்குப் பிறகு நான் மீறவில்லை.

பயம் மட்டும்தான் அவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆசையும் இருந்தது, மலைபோல. நம் ஊரில் வானத்தைப் பார்க்கிறவன் மழைக்காகப் பார்ப்பான். இவர் வேறு கணக்கில் பார்ப்பார். டிவி செய்தி முடிவில் காட்டும் மேகப் படத்தைப் பார்த்துத்தான் நான் ஐப்பசி, கார்த்திகையில் லாரி ஏற்றுவேன். சரக்கு நனையாமல் போய்ச் சேர்ந்தால் அந்தப் படத்தின் புண்ணியம். அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை பேர் கை நடுங்கியிருக்கும் என்று அவர் சொல்லித்தான் நான் யோசித்தேன். புயலை முன்கூட்டிச் சொல்கிறோம், டிவி பார்க்கிறோம், போன் பேசுகிறோம், எல்லாம் சரி, ஆனால் இன்னும் நம் ஆள் ஒருத்தர் நம் குச்சியில் ஏறிப் போகவில்லையே என்பார். அமெரிக்காக்காரன் நிலாவில் கால் வைத்தபோது இவருக்கு இருபத்திரண்டு வயது. தான் ஐம்பதைத் தொடுவதற்குள் அங்கே ஊரே இருக்கும் என்று நினைத்தாராம். "காலு வச்சுட்டு வந்தவன் திரும்பிப் போகவே இல்லையே அண்ணாச்சி, வீட்டைப் பூட்டுன மாதிரி" என்பார்.

நம் ஆள் போகிற நாள் வந்தால் ஆபீசுக்கு லீவு விட்டு எல்லாரும் டிவி பார்ப்போம் என்று ஒரு தடவை சொன்னேன். போக வேண்டும் என்று ஆசைதான், ஆனால் அன்றைக்குத் தான் டிவி பார்க்கப்போவதில்லை என்றார். ஆள் இறங்கி வந்த பிறகு நான் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டுமாம்.

சென்ற ஆண்டு அக்டோபரில் நம் நாட்டுக் கலம் நிலாவுக்குக் கிளம்பியது. ஆள் இல்லாத கலம், ஆகையால் தைரியமாகப் பார்த்திருக்கிறார். காலையில் அது ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்தது. அன்று ஆபீசுக்கு வந்த குருசாமியை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. சைக்கிள் கூடையில் இரண்டு கிலோ கடலை மிட்டாய். வாட்ச்மேனில் தொடங்கி அறுபது பெண்களுக்கும் கொடுத்தார். "என்ன அண்ணாச்சி, மகளுக்குக் கல்யாணம் முடிவாயிருச்சா?" என்று ஒரு பெண் கேலி செய்தார். அதைவிடப் பெரிய காரியம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

நம் தொழிலில் இரண்டு மருந்து உண்டு. குச்சியின் தலைக்கு ஒன்று, பெட்டியின் பக்கத்தில் தடவ ஒன்று. இந்த இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் பெட்டியை வாங்குகிறவர் கைதான். அதற்கு முன்னால் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை இந்த மலரைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பக்கத்து மருந்துக்குத் தனி அறை, தனித் தொட்டி, தனிக் கரண்டி. அங்கே போனவர் கை கால் கழுவாமல் இங்கே வரக்கூடாது. சட்டம் போட்டவர் குருசாமி.

அன்று மூன்று சரி சொல்லியாகிவிட்டது. நானும் மிட்டாயை மென்றுகொண்டு வாசல் பக்கம் நின்றேன். பக்கத்து மருந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு, நிலாக் கதையைச் சொல்லிக்கொண்டே குருசாமி வந்தார். கலவை அறைக்குள் நுழைந்து தொட்டியின் அருகே போய்விட்டார். மாடசாமி குச்சித் தலை மருந்துக்குக் குளோரேட்டைச் சலித்து முடித்து வைத்திருந்தான்.

பேச்சியம்மாள் மெதுவாக, "வேண்டாம்" என்றார்.

குருசாமி சிரித்தார். "ஏம்மா, ஏன்?" என்று கேட்டார்.

அந்த அறையில் பதினாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததே இல்லை. மாடசாமி என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன். பேச்சியம்மாள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே எதிரில் நிற்கிறார். குருசாமியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தன்னையே மேலிருந்து கீழே பார்த்தார். அப்போதுதான் வலது கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார். பக்கத்து மருந்துக்கான மரக்கரண்டி. பேசிக்கொண்டே அங்கிருந்து எடுத்து வந்துவிட்டார். அதன் விளிம்பில் செம்பழுப்பாக மருந்து காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சலித்து வைத்த குளோரேட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும்.

அவர் குழந்தையைத் தூங்க வைக்கிறவர் போலக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் எடுத்து வைத்து வெளியே வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் அதை இறக்கிவிட்டு, மண்மேட்டின் சரிவில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொட்டகைக்குள் பெண்கள் மிட்டாய் தின்றுகொண்டு பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. முப்பது அடி.

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வந்த நாள்ல இருந்து இன்னைக்கு ஒரு நாள்தான் அண்ணாச்சி பயமில்லாம உள்ள போனேன்."

பேச்சியம்மாளிடம் நான் பிற்பாடு கேட்டேன். அப்போது விதி என்னைக் கட்டாது, வேலை நேரம் முடிந்துவிட்டது. கரண்டியை அவர் பார்க்கவே இல்லையாம். "தகட்டத் தொடாம உள்ள போனாவ மொதலாளி. காலையில தேச்சவ நான். பளபளன்னு கெடக்கு, அவிய கை அதுல படவே இல்ல" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. நிறுத்துவதற்கு அது போதுமாக இருந்தது. அவர் கண்ட தப்பு சிறியது, காணாதது பெரியது. காரணம் கேட்டுத் தர்க்கம் பண்ணியிருந்தால், குருசாமி தகட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் அதே கரண்டியோடு உள்ளே போயிருப்பார்.

நிலாவுக்குப் போன கலம் இரண்டு வருஷம் வேலை செய்யும் என்றார்கள். பத்து மாதத்தில், இந்த ஆகஸ்ட் கடைசியில், பேச்சு நின்றுவிட்டது. பேப்பரில் பார்த்துவிட்டு நான் அவரிடம் துக்கம் கேட்பதுபோலக் கேட்டேன். பத்து மாதம் பேசியதே பெரிது என்றார். அதற்குப் பிறகு பத்து நாள்தான் அவர் இருந்தார்.

அவர் ஊர்ச் சுடுகாட்டில் ஒன்று நடந்தது. கொள்ளி வைக்கும் நேரத்தில் தீப்பெட்டி கேட்டார்கள். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் தீப்பெட்டிக்காரர்கள். ஒருவர் சட்டைப்பையிலும் இல்லை. பையில் தீப்பெட்டி வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் வரக்கூடாது என்று அவர் போட்ட சட்டம் எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள், வேறு கம்பெனி லேபிள். வீட்டில் ஒரு நாள்கூட அவர் அடுப்புப் பற்ற வைத்ததில்லை என்று அவர் மனைவி சீதாலட்சுமி எங்களிடம் சொன்னார். குச்சியை உரசும்போது எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஓரிரு நாளில் பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது, நம் கலம் அனுப்பிய தகவலை வைத்து நிலாவில் தண்ணீர் இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று. தண்ணீருக்காக வானத்தைப் பார்த்தே வயதான கரிசல்காட்டுக்காரன் நான். அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கதவைத் தட்டிச் சொல்லச் சொன்னாரே என்று நினைத்தேன். நம் ஆள் மேலே போகிற நாளும் ஒரு காலம் வரும். அன்றைக்கும் தட்ட அந்தக் கதவுக்குள் ஆள் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். சொத்து சேர்த்த எனக்கு அது பிந்திக் கிடைத்த சொத்து. அதை ஒரு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். நான்காவது சரி சொல்ல முதலில் மாடசாமியைக் கேட்டேன். "எனக்குப் பயம் விட்டுப்போச்சு மொதலாளி. கலக்கிக் கலக்கிப் பழகிட்டேன். அவளக் கேளுங்க" என்று பேச்சியம்மாளைக் காட்டினான். என் வியாபாரப் புத்தி போகுமா? பேச்சியம்மாளிடம் மூவாயிரத்தைந்நூறு என்று ஆரம்பித்தேன்.

"அவியளுக்கு என்ன குடுத்தியளோ அதையே குடுங்க மொதலாளி. அதே பயத்தத்தான நானும் படப்போறேன்" என்றார்.

பேரம் அதோடு முடிந்தது. மாதம் ஐயாயிரம் ரூபாய், குருசாமி கடைசியாக வாங்கிய சம்பளம். ஆயுத பூஜைக்கு ஒரு சேலை, தகட்டுக்குச் சந்தனம் கிடையாது. அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேலை இல்லை, எல்லாருக்கும் கூலி உண்டு. ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது, நானும் கேட்கக்கூடாது. எழுதி, அவர் கைநாட்டும் என் கையெழுத்தும் போட்டிருக்கிறோம்.